யு.ஐ.எஃப். மகப்பேற்றுப் பணம் தாமதமாகும்போது: தென்னாப்பிரிக்கச் சிறு முதலாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பன் நகரத்திலும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பகுதிகளிலும் நம்மவர்கள் நடத்தும் தையற்கூடங்கள், பலகாரக் கடைகள், மருந்துக் கடைகள், அச்சகங்கள் பலவற்றில் வேலை செய்பவர்கள் ஐந்து முதல் பதினைந்து பேர்தான். அவர்களில் ஒரு பெண் மகப்பேறு விடுப்பில் சென்றால், அவருக்கு யு.ஐ.எஃப். எனப்படும் அரசின் வேலையின்மைக் காப்புறுதி நிதியிலிருந்து வர வேண்டிய பணம் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் இழுத்தடிக்கப்படுவதும், வீட்டுச் செலவுக்கு வழியின்றி அவர் முதலாளியிடமே வந்து நிற்பதும் வழக்கமாகிவிட்டன. சிறு கடைகளின் சம்பளக் கணக்கைப் பார்த்துவரும் அனுபவத்தில், முதலாளிகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன்.

மகப்பேறு விடுப்புக் காலத்தில் சம்பளம் கொடுக்க வேண்டியவர் யார்? நான் கொடுத்தால் அரசு எனக்குத் திருப்பித் தருமா?

தராது. 1997-ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு ஒரு பெண்ணுக்குத் தொடர்ச்சியாகக் குறைந்தது நான்கு மாத விடுப்பை உறுதி செய்கிறது; ஆனால் அந்த மாதங்களுக்கு முதலாளி சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. பணம் வர வேண்டிய இடம் யு.ஐ.எஃப். அந்த நிதி முதலாளியின் கணக்குக்குப் பணம் அனுப்புவதில்லை. நேராக அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்குக்குத்தான் அனுப்புகிறது. ஆகையால் தாமதத்தின் முதல் அடி அவர்மீது விழுகிறது. அவருக்குக் கைகொடுக்கும் முதலாளிமீது அது இரண்டாவதாக விழுகிறது. உங்கள் தொழிலுக்கு, முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஒப்பந்தம் செய்யும் தொழிற்பேரத்துக் குழு ஒன்று இருந்தால், உதாரணமாக ஆடை உற்பத்தித் துறையில், அதன் ஒப்பந்தத்தில் மகப்பேறு பற்றித் தனி விதிகள் இருக்கக்கூடும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு எவ்வளவு கிடைக்கும்?

சம்பளத்தில் 66 விழுக்காடு, 17.32 வாரங்களுக்கு, அதாவது ஏறத்தாழ 121 நாட்களுக்குக் கிடைக்கும். ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2021 ஜூன் முதல் அது மாதம் 17,712 ராண்ட். மாதம் 7,000 ராண்ட் வாங்கும் ஒரு தையல்காரரை எடுத்துக்கொண்டால், 7,000-ஐ 12-ஆல் பெருக்கி 365-ஆல் வகுக்க நாளொன்றுக்கு 230 ராண்ட் சொச்சம் வரும்; அதில் 66 விழுக்காடு ஏறத்தாழ 152 ராண்ட்; 121 நாட்களுக்குச் சேர்த்தால் சுமார் 18,380 ராண்ட். மாதம் 25,000 ராண்ட் வாங்கும் மருந்தாளுநருக்கோ உச்சவரம்பின்படி மாதம் 11,690 ராண்டுக்கு மேல் வராது. அது அவர் சம்பளத்தில் பாதிகூட இல்லை. இந்தத் தொகைக்கு வருமான வரி கிடையாது. பலர் அஞ்சுவதுபோல, மகப்பேற்றுப் பணம் வாங்கியதால் பிற்காலத்தில் வேலை இழந்தால் கிடைக்க வேண்டிய வேலையின்மை உதவி குறைந்துவிடாது. 2016-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இரண்டையும் பிரித்துவிட்டது. விண்ணப்பிப்பதற்கு முன் குறைந்தது 13 வாரங்கள் வேலையில் இருந்திருக்க வேண்டும் என்பதையும் அதே திருத்தம்தான் கொண்டுவந்தது.

பணம் ஏன் இவ்வளவு தாமதமாகிறது?

எல்லாப் பழியையும், விண்ணப்பங்களை வாங்கும் அரசுத் தொழிலாளர் அலுவலகமான லேபர் சென்டர்மீது போட்டுவிடுவது எளிது. அங்கே கணினி நின்றுபோவதும், நீண்ட வரிசையும், ஒருவர் கேட்ட காகிதத்தை அடுத்த மேசையில் இருப்பவர் மறுபடியும் கேட்பதும் உண்மைதான். அவற்றை நம்மால் திருத்த முடியாது. ஆனால் என் கண்ணுக்குப் படும் வழக்குகளில் பெரும்பாலானவை நின்றுபோவது முதலாளியின் பக்கத்தில் விட்டுப்போன ஒரு வரியால்தான். விண்ணப்பத்தை எடுக்கும் அலுவலர், அந்தப் பெண்ணின் அடையாள எண்ணைத் தட்டிப் பார்க்கும்போது, அவர் எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தார், மாதாமாதம் எவ்வளவு சம்பளம் வாங்கினார், இப்போதும் வேலையில் இருக்கிறாரா என்ற மூன்றும் பதிவில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று வெற்றாக இருந்தாலும் கோப்பு ஓரமாக வைக்கப்படுகிறது. அப்படி வைக்கப்பட்டதை யாரும் உங்களுக்குத் தொலைபேசியில் சொல்ல மாட்டார்கள். நம் கையில் இருக்கும் பாதியை ஒழுங்கு செய்துவிட்டு, நம் கையில் இல்லாத பாதிக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கி வைப்பதே செய்யத்தக்கது.

நான் ஒவ்வொரு மாதமும் வரித்துறையான சார்ஸ் வழியாக யு.ஐ.எஃப். கட்டிவருகிறேன். பிறகும் பதிவே இல்லை என்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். பணம் கட்டுவது ஒரு வேலை; யாருக்காகக் கட்டினோம் என்று அறிவிப்பது இன்னொரு வேலை. மாதாந்தர இ.எம்.பி.201 படிவத்தில் நீங்கள் சார்ஸுக்குச் செலுத்துவது, தொழிலாளியிடமிருந்து 1 விழுக்காடும் உங்களிடமிருந்து 1 விழுக்காடும் சேர்ந்த ஒரே மொத்தத் தொகை. அதில் ஆட்களின் பெயர் இருக்காது. பெயர், அடையாள எண், சேர்ந்த தேதி, சம்பளம், வேலை நேரம் ஆகியவற்றை ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள் யு.ஐ.எஃப்.புக்குத் தனியாக அறிவிக்க வேண்டும், யு.ஐ.19 படிவம் அதற்காகத்தான். சம்பள மென்பொருள் வைத்திருப்பவர்கள் மின்னணுக் கோப்பாக அனுப்பலாம். இல்லாதவர்கள் யு.ஐ.எஃப்.பின் இணையதளமான யூஃபைலிங்கில் கைப்படப் பதியலாம்.

சாட்ஸ்வொர்த்தில் ஆறு பெண்கள் வேலை செய்யும் ஒரு தையற்கூடத்தின் பதிவை யூஃபைலிங்கில் திறந்து பார்த்தபோது கண்டதைச் சொல்கிறேன். ஆறு பெயர்களும் இருந்தன. சேர்ந்த தேதிகளும் சரியாக இருந்தன. ஆனால் சம்பளக் கட்டத்தில் ஒரு குறிப்பிட்ட மாதத்துக்குப் பிறகு எதுவுமே இல்லை. முன்பு கணக்குப் பார்த்தவர் விலகிய மாதம் அது. சார்ஸுக்குப் பணம் ஒரு மாதம்கூடத் தவறாமல் போயிருந்தது. ரசீதுகள் எல்லாம் கோப்பில் அடுக்கப்பட்டிருந்தன. இருந்தும் விடுப்பில் சென்ற பெண்ணின் கோப்பு அசையவில்லை, ஏனென்றால் யு.ஐ.எஃப். பார்வையில் அவர் பல மாதங்களாகச் சம்பளமே வாங்காதவர். விட்டுப்போன மாதங்களை ஒவ்வொன்றாகப் பதிந்த பிறகுதான் அது நகர்ந்தது. விட்டுப்போன மாதங்களைப் பின்னர் நிரப்ப முடியும். ஆனால் அதைக் குழந்தை பிறந்த பிறகு செய்வதைவிட, கர்ப்பம் தரித்திருக்கிறேன் என்று அவர் உங்களிடம் சொன்ன அன்றே செய்துவிடுங்கள். 2020-இல் பொதுமுடக்க உதவிப் பணம் முதலாளிகள் வழியாக வழங்கப்பட்டபோதும் இதே குறைதான் பல கடைகளைக் காத்திருக்க வைத்தது.

பதிவெல்லாம் சரியாகவே இருக்கிறது. பிறகும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வேறென்ன காரணம் இருக்க முடியும்?

பெயர். நம் சமூகத்துப் பெண்களுக்கு இது குறிப்பாக நேர்கிறது. திருமணத்துக்குப் பின் ஹோம் அஃபேர்ஸ் எனப்படும் உள்துறைப் பதிவில் கணவரின் குடும்பப் பெயர் ஏறிவிடுகிறது. வங்கிக் கணக்கோ தந்தையின் குடும்பப் பெயரிலேயே இருக்கிறது. உங்கள் சம்பளப் பட்டியலில் மூன்றாவதாக ஒரு வடிவம் இருக்கிறது. மூட்லி என்று சேர்ந்தவர் நாயுடுவாகிவிட்டார், படையாச்சி என்ற பெயர் ஒவ்வொரு காகிதத்தில் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்பவை அன்றாடம் பார்க்கும் விஷயங்கள். அடையாள எண்ணும் வங்கிக் கணக்கும் ஒரே ஆளுடையவைதாமா என்று யு.ஐ.எஃப். சரிபார்க்கும் இடத்தில் இவை இடறுகின்றன. ஆகவே விடுப்புக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே, அடையாள அட்டையில் உள்ள பெயரையே வங்கியிலும் உங்கள் பதிவிலும் ஒரே மாதிரி மாற்றச் சொல்லுங்கள். வங்கிக்குச் சென்றுவர அவருக்கு அரை நாள் கொடுங்கள்; அந்த அரை நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.

இரண்டாவது காரணம், விடுப்பில் செல்பவரை யு.ஐ.19-இல் வேலையிலிருந்து நின்றுவிட்டவராகக் காட்டிவிடுவது. வேலை முடிந்த தேதியைப் போட்டால் அவர் விலகிவிட்டார் என்றே பதிவாகும். அவர் உங்கள் தொழிலாளியாகவே தொடர்கிறார். விடுப்பு என்பது மட்டுமே காட்டப்பட வேண்டும்.

என் கையிலிருந்து என்னென்ன காகிதங்கள் போக வேண்டும்?

விண்ணப்பம் அவருடையது: யு.ஐ.2.3 படிவமும், வங்கி விவரத்துக்கான யு.ஐ.2.8-உம், மருத்துவரின் அல்லது மருத்துவச்சியின் சான்றும், பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றும் அவர் கொடுப்பவை. நீங்கள் கொடுக்க வேண்டியவை யு.ஐ.19-உம் யு.ஐ.2.7-உம். இந்த இரண்டாவது, விடுப்புக் காலத்தில் நீங்கள் அவருக்கு ஏதாவது சம்பளம் கொடுக்கிறீர்களா, எவ்வளவு என்று கேட்கும் படிவம். தேதிகளை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். அவர் படிவத்தில் விடுப்பு மார்ச் 3 என்றும் உங்கள் படிவத்தில் மார்ச் 1 என்றும் இருந்தால் அதுவே திருப்பி அனுப்பப் போதுமான காரணம். விடுப்பு எப்போது தொடங்கும் என்பதை அவர் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வந்த வாரத்திலேயே இரண்டு படிவங்களிலும் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள். குழந்தை பிறந்து 12 மாதங்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் அந்த அவகாசத்தை நம்பித் தள்ளிப்போடுவதில் பயனில்லை. முதல் தவணை வந்தபின் தொடர்ச்சிப் படிவத்தைக் கொடுக்காமல் விட்டதால் இரண்டாவது தவணை நின்றுபோன பெண்கள் பலர். கைக்குழந்தையோடு இருப்பவருக்கு இதை நினைவூட்டுவது உங்கள் கடையின் கணக்கரால் செய்ய முடிகிற சிறு உதவி.

பாவம், அவர் கஷ்டப்பட வேண்டாம் என்று நான் முழுச் சம்பளமும் கொடுத்துவிட்டு, யு.ஐ.எஃப். பணம் வந்ததும் வாங்கிக்கொள்ளலாமா?

நல்ல மனத்தோடு செய்யப்படும் இந்த ஏற்பாடுதான் இருவருக்கும் நட்டமாக முடிகிறது. சட்டப்படி, முதலாளி கொடுக்கும் சம்பளமும் யு.ஐ.எஃப். தொகையும் சேர்ந்து, அவர் வேலையில் இருந்திருந்தால் வாங்கியிருக்கக்கூடிய சம்பளத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் சம்பளப் பட்டியல் வழியாக 7,000 ராண்டையும் கொடுத்து, யு.ஐ.2.7-இலும் அப்படியே எழுதினால், யு.ஐ.எஃப். கொடுக்க வேண்டியது எதுவும் மிஞ்சாது. கொடுத்துவிட்டு எழுதாமல் மறைத்தால் அது பொய் அறிவிப்பு. அதன் விளைவு அவர்மீதும் விழும், உங்கள்மீதும் விழும்.

ஆகவே இரண்டு வகைப் பணத்தைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, திரும்ப எதிர்பார்க்காமல் நீங்கள் கொடுக்கும் மேல்தொகை. 66 விழுக்காட்டுக்கும் முழுச் சம்பளத்துக்கும் இடையிலான வித்தியாசம், நம் உதாரணத்தில் மாதம் 2,380 ராண்ட் வரை கொடுக்கலாம். இது சம்பளம்; இதற்கு வரிப் பிடித்தமும் யு.ஐ.எஃப். பங்களிப்பும் உண்டு, யு.ஐ.2.7-இல் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். மற்றொன்று, யு.ஐ.எஃப். பணம் வரும்வரை சமாளிக்க நீங்கள் கொடுக்கும் கைமாற்று. இது சம்பளமே அல்ல. இதைச் சம்பளப் பட்டியலில் ஏற்றாமல், தொழிலாளர் கடன் என்ற தலைப்பில் தனியாக எழுதி வைக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் பிறகு எது எது என்று பிரிக்க முயல்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

கைமாற்றை எப்படிக் கொடுப்பது? எழுதி வாங்குவது அவரை நம்பாததுபோல் ஆகிவிடாதா?

ஆகாது, எழுத்து அவருக்கும் பாதுகாப்பு. அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட கடனுக்காகச் சம்பளத்திலிருந்து பிடிக்கத் தொழிலாளி எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் கொடுத்து, அவர் வேலைக்குத் திரும்பிய மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் பிடித்தால், சட்டமும் உங்களுக்கு எதிராக நிற்கும், உறவும் கெடும்.

ஒரே ஒரு பக்கம் போதும். விடுப்பின் முதல் இரண்டு மாதங்களுக்கு மாதம் 4,000 ராண்ட் வீதம் மொத்தம் 8,000 ராண்ட் கடனாகக் கொடுக்கப்படுகிறது, வட்டி இல்லை, யு.ஐ.எஃப். நிலுவை மொத்தமாக வந்தால் அவர் விரும்பினால் அதிலிருந்து திருப்பலாம். இல்லையென்றால் வேலைக்குத் திரும்பிய இரண்டாவது மாதத்திலிருந்து மாதம் 800 ராண்ட் வீதம் பத்து மாதங்களில் சம்பளத்திலிருந்து பிடிக்கச் சம்மதிக்கிறார் என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு எந்த மொழி நன்றாகப் படிக்க வருமோ அந்த மொழியில், ஆங்கிலமோ சுலுவோ, எழுதுங்கள். வட்டியோ கட்டணமோ சேர்க்காதீர்கள். சேர்த்தால் தேசியக் கடன் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடக்கூடும், தவிரவும் குழந்தை பெற்ற பெண்ணிடம் வட்டி வாங்கித் தொழில் நடத்த வேண்டிய நிலையில் யாரும் இல்லை. தொகையை யு.ஐ.எஃப். தரப்போகும் அளவுக்குள்ளேயே வையுங்கள். அதைத் தாண்டினால் அவர் தலையில் சுமை ஏறும்.

நீங்கள் கொடுக்காவிட்டால் அவர் போகும் இடம் எது என்பதையும் யோசியுங்கள். குடியிருப்புகளில் மாஷோனிசா என்று அழைக்கப்படும் வட்டிக்காரர்கள் மாதத்துக்கு முப்பது, ஐம்பது விழுக்காடுகூட வாங்குகிறார்கள். சிலர் அடகாக வங்கி அட்டையையும் அடையாள அட்டையையும் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அடையாள அட்டை இல்லாத பெண் லேபர் சென்டரில் எதையும் செய்ய முடியாது.

அதே காரணத்துக்காக நான் அவருடைய வங்கி அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? அல்லது யு.ஐ.எஃப். பணத்தை என் கணக்குக்கே போடச் சொல்லலாமா?

இரண்டும் கூடாது. அந்தப் பணம் அவருடையது. உங்கள் கடனை வசூலிக்கும் வழி அந்தக் கையெழுத்திட்ட தாள் மட்டுமே.

எனக்கே கையிருப்பு இல்லை. தீபாவளிச் சரக்குக்குப் பணம் முடங்கியிருக்கும் நேரத்தில் கைமாற்றுக்கு எங்கே போவது?

கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். பலரும் நினைப்பதைவிட நிலைமை இலகுவாக இருக்கும். விடுப்பில் இருப்பவருக்கு நீங்கள் அந்த மாதங்களில் 7,000 ராண்ட் சம்பளம் கொடுப்பதில்லை. அவருடைய வேலையை மற்றவர்கள் பங்கிட்டுக்கொண்டால், மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுத்தாலும் அந்த 7,000-இல் ஒரு பகுதி மிஞ்சும். அந்த மிச்சமே கைமாற்றாகலாம். ஆனால் மேலதிக நேரம் வாரத்துக்கு 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதற்கும் அவர்கள் சம்மதிக்க வேண்டும். முழு நேரத்துக்கு மாற்றாள் வைத்தால் மிச்சம் இராது என்பதால், முடிந்தால் வாரத்தில் மூன்று நான்கு நாட்களுக்கு மட்டும் ஆள் வையுங்கள்.

நிரந்தரமான தீர்வு ஒன்று உண்டு. மாதம் 500 ராண்ட் வீதம் ஒரு தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டுவந்தால் பதினாறு மாதங்களில் 8,000 ராண்ட் சேர்ந்துவிடும். ஒரு கைமாற்றுக்கு அது போதும், அது திரும்பிவந்து அடுத்தவருக்கும் உதவும். பெண்களே பெரும்பான்மையாக வேலை செய்யும் தையற்கூடத்துக்கு இது மின்சாரக் கட்டணம்போல எதிர்பார்க்க வேண்டிய செலவு. சீட்டுப் பணத்தை எடுத்து இதற்குப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன், யு.ஐ.எஃப். எப்போது கொடுக்கும் என்று தெரியாதபோது, தேதி தவறினால் பத்துப் பேர் வாசலில் வந்து நிற்கும் பணத்தை அதில் முடக்கக் கூடாது.

மாற்றாளை எந்த ஒப்பந்தத்தில் வைப்பது?

குறித்த கால ஒப்பந்தத்தில் வையுங்கள். யாருக்குப் பதிலாக, எந்தக் காரணத்துக்காக, எதுவரை என்பதை எழுதுங்கள். குறைந்த வருமானமுள்ளவர்களை மூன்று மாதத்துக்கு மேல் குறித்த கால ஒப்பந்தத்தில் வைக்கத் தொழிலுறவுச் சட்டம் தக்க காரணம் கேட்கிறது. தற்காலிகமாக இல்லாத ஒருவருக்குப் பதிலாக வைப்பது அப்படிப்பட்ட காரணங்களில் ஒன்று. பத்துப் பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களை அந்தப் பிரிவு கட்டுப்படுத்துவதே இல்லை. மாற்றாளையும் யு.ஐ.எஃப்.பில் பதிந்துவிடுங்கள்.

பணம் வராததால் அவரே சீக்கிரம் வேலைக்கு வருகிறேன் என்கிறார். சேர்த்துக்கொள்ளலாமா?

குழந்தை பிறந்து ஆறு வாரங்கள் ஆகும்வரை கூடாது. உடல்நிலை வேலைக்கு ஏற்றது என்று மருத்துவரோ மருத்துவச்சியோ சான்று கொடுத்தால் மட்டும் விலக்கு. ஆறு வாரங்களுக்குப் பிறகு அவர் தானாக விரும்பினால் வரலாம். அப்படி வரும் நாளை இருவரும் யு.ஐ.எஃப்.புக்குத் தெரிவிக்க வேண்டும், ஏனெனில் வேலையில் இருந்துகொண்டு உதவித்தொகை வாங்க முடியாது. பணம் இல்லாத நெருக்கடியில் எடுக்கும் முடிவை விருப்பம் என்று எடுத்துக்கொள்ளாமல், முதலில் கைமாற்றைப் பற்றிப் பேசுங்கள். திரும்பி வந்தவர் பால் கொடுப்பவராக இருந்தால், குழந்தையின் முதல் ஆறு மாதங்களுக்கு நாள்தோறும் முப்பது நிமிடம் வீதம் இரண்டு இடைவேளைகள் கொடுக்கும்படி அரசின் நன்னடத்தைக் கோவை சொல்கிறது. துணிக் கிடங்கின் மூலையில் திரை ஒன்றும் நாற்காலி ஒன்றும் போட்டால் அதற்கு இடமாகிவிடும்.

வேலையை விட்டுவிட்டு வேலையின்மை உதவி வாங்கிக்கொள், பிறகு சேர்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் என்ன?

இந்த யோசனை கடைத்தெருவில் உலவுகிறது; கேட்காதீர்கள். தானாக விலகியவருக்கு வேலையின்மை உதவி கிடையாது. நீக்கியதாகப் பொய்யாக எழுதினால் அது மோசடி. கர்ப்பத்தின் காரணமாகவே உண்மையில் நீக்கினால், தொழிலுறவுச் சட்டத்தின் 187-ஆம் பிரிவின்படி அது தானாகவே நியாயமற்ற நீக்கம். 24 மாதச் சம்பளம் வரை இழப்பீடு கொடுக்க நேரிடும். ஆறு பேர் வைத்து நடத்தும் கடை அதைத் தாங்காது.

கரு கலைந்துவிட்டாலோ, குழந்தை இறந்து பிறந்தாலோ?

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் கருச்சிதைவு ஏற்பட்டாலும், குழந்தை இறந்து பிறந்தாலும் அவருக்கு ஆறு வார விடுப்பு உண்டு, யு.ஐ.எஃப். உதவிக்கும் உரிமை உண்டு. இந்த நிலையில் உள்ள பெண்ணை லேபர் சென்டர் வரிசையில் நிற்க வைக்காதீர்கள். அவர் சம்மதித்தால் யூஃபைலிங்கில் விண்ணப்பிக்க உங்கள் கணினியைக் கொடுத்து, கூட இருந்து உதவுங்கள்.

வீட்டு வேலைக்கு வருபவருக்கும் இவையெல்லாம் உண்டா?

உண்டு. 2003 ஏப்ரல் முதல் வீட்டுப் பணியாளர்கள் யு.ஐ.எஃப்.புக்குள் இருக்கிறார்கள். மாதத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல் உங்கள் வீட்டில் வேலை செய்பவரை நீங்கள் பதிய வேண்டும். நம் வீடுகளில் பத்து ஆண்டுகளாக வேலை செய்யும் அக்காவைக் குடும்பத்தில் ஒருவராகவே நடத்துகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் பலர் அவருடைய பெயரை ஒருநாளும் பதிந்ததில்லை. அவருக்குக் குழந்தை பிறக்கும்போது ஒரு காசும் வராது. அந்த இழப்புக்குப் பொறுப்பு நாம்தான். இன்றே பதிந்து, விட்டுப்போன பங்களிப்பைக் கட்டலாம். தாமதத்துக்கு 10 விழுக்காடு அபராதமும் வட்டியும் சேரும்.

தந்தையும் விடுப்பைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று தீர்ப்பு வந்ததாமே?

ஆம். 2025 அக்டோபர் 3 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, இருவரும் வேலையில் இருக்கும் பெற்றோர் நான்கு மாதமும் பத்து நாளும் கொண்ட விடுப்பைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளலாம். சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு 36 மாத அவகாசம் கொடுக்கப்பட்டிருக்கிறது. உங்களைப் பொறுத்தவரை இதன் விளைவு ஒன்றுதான்: எத்தனை நாள் யார் எடுக்கிறார்கள் என்பதை இருவரும் கையெழுத்திட்ட கடிதமாக முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் படிவங்களின் தேதிகள் ஒன்றுக்கொன்று முரண்படும்.

மற்ற நாடுகளிலும் இப்படித்தானா?

பிரிட்டனில் முறை வேறு. அங்கே முதலாளி சட்டப்படியான மகப்பேற்றுச் சம்பளத்தைத் தாமே கொடுத்துவிட்டு, அரசுக்குச் செலுத்தும் வரித் தொகையில் அதைக் கழித்துக்கொள்கிறார். சிறு முதலாளிகளுக்கு முழுத் தொகையும், அதற்கு மேல் ஒரு சிறு கூடுதலும் கிடைக்கிறது; 2025 ஏப்ரலில் அந்தக் கூடுதல் 8.5 விழுக்காடாக உயர்ந்தது. கையில் பணமில்லாதவர் அரசிடம் முன்பணமாகவும் கேட்கலாம். இந்தியாவில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு முழுச் சுமையும் முதலாளிமீது விழுகிறது. அது 26 வாரங்கள். நம் நாட்டு முறையில் முதலாளியின் பணம் மாட்டிக்கொள்வதில்லை என்பது ஒரு நன்மை. ஆனால் பிரிட்டனில் உள்ளதுபோல முன்பணம் பெறும் வழி ஒன்று இங்கே இருந்தால், இந்தப் பக்கத்தில் பாதியை எழுதவே வேண்டியிருந்திருக்காது. வணிகச் சங்கங்கள் அமைச்சகத்திடம் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாம் சரியாகக் கொடுத்தும் மூன்று மாதமாகப் பதில் இல்லை. அடுத்து யாரிடம் போவது?

முதலில் அதே லேபர் சென்டரின் மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். விண்ணப்பம் கொடுத்த தேதி, கோப்பு எண், கொடுத்த படிவங்களின் பெயர்கள் ஆகியவற்றோடு உங்கள் அறிவிப்புகளின் அச்சுப்பிரதியையும் இணைத்தால், முதலாளி அறிவிக்கவில்லை என்ற பதிலை அவர்கள் சொல்ல முடியாது. நேரில் போனால் பேசியவரின் பெயரையும் நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே அசையாவிட்டால் மாகாண அலுவலகம். விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தால், அல்லது தொகை குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தால், மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். வெறும் தாமதமும் மௌனமும் மட்டுமே என்றால், அரசு அலுவலகங்கள்மீதான புகார்களை விசாரிக்கும் பப்ளிக் புரொடெக்டர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. பணம் சீக்கிரம் வாங்கித் தருகிறேன் என்று லேபர் சென்டர் வாசலில் நின்று கமிஷன் கேட்பவர்களிடம் ஒரு காகிதத்தையும் கொடுக்க வேண்டாம் என்று அவருக்குச் சொல்லி வையுங்கள்.

அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார், யு.ஐ.எஃப். பணம் இன்னும் வரவில்லை. கைமாற்றைப் பிடிக்கத் தொடங்கலாமா?

ஒப்பந்தத்தில் எழுதியபடி பிடிக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் வேலைக்குத் திரும்பிய முதல் மாதங்களில் பால்மாவு, குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கான கூலி, தடுப்பூசிக்குப் போய்வரும் வண்டிச் செலவு என்று அவர் செலவு முன்பைவிட அதிகமாக இருக்கும். யு.ஐ.எஃப். பணம் வரும்வரை மாதம் 800 ராண்டை 300 ஆகக் குறைத்து, அதை ஒரு வரியில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, பழைய தாளோடு இணைத்துவிடுங்கள். நிலுவை மொத்தமாக வரும்போது எவ்வளவு திருப்புவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். நான் கணக்குப் பார்க்கும் கடைகளில் அப்படி விட்ட முதலாளிகளிடம் பணம் வந்த வாரத்திலேயே பெரும்பகுதியைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள்தான் அதிகம்.